தலைக்கட்டில் இல்லாத வீடுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். "ரெண்டு பக்கம் போதும் சார், உபயோகமா இருக்கட்டும்" என்றார். இரண்டு பக்கத்தில் உபயோகமாக எழுதத் தெரிந்தவனை எந்த நிவாரணக் கொமித்தேயும் இத்தனை காலம் செயலாளராக வைத்திருக்காது. எங்கள் தொழிலில் இரண்டு பக்கம் என்பது நன்றியுரைக்கே போதாது.

கொமித்தே என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் பல வருடம் கழித்தும் புதுச்சேரியில் எங்கள் மிஷனில் கமிட்டிக்கு அதுதான் பெயர். உறுப்பினர்கள் தாமதமாக வருவதும், வந்தவர்கள் வராதவர்களைக் குறை சொல்வதும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

மூட்டைகளைச் சுவரில் படாமல் அடுக்குவது எப்படி, தார்ப்பாயை யார் கையெழுத்தில் வெளியே விடுவது, லாரிக்காரரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அவற்றை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள். தப்பாகச் செய்தாலும் மறுநாள் திருத்திவிடலாம். மறுநாள் திருத்த முடியாத ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அது எங்கள் அறிக்கைகள் எதிலும் கிடையாது. அறிக்கைகளை எழுதியவன் நான்தான் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் பிற்பாதியில் ஒரு கார்த்திகை மாதம் புயல் அடித்தது. கடற்கரைச் சாலையில் விளக்குக் கம்பங்கள் ஆளுக்கொரு பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றன. பெரிய தெருக்களில் விழுந்த மரங்களைச் சுற்றி நின்று அவற்றின் வயதைப் பற்றி ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மீனவர் குப்பங்களில் அப்படிச் சுற்றி நிற்க எதுவும் மிச்சமில்லை. கூரை, கட்டுமரம், வலை எல்லாவற்றையும் கடல் எடுத்துக்கொண்டது. தனக்கு வேண்டாததை மட்டும் மணலாகத் திருப்பிப் போட்டிருந்தது.

பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். காற்று ஓய்ந்த அன்றே நெல்லித்தோப்பில் எங்கள் கிடங்கைத் திறந்துவிட்டோம். அரசாங்க ஜீப் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் அடுப்புகளில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கருவடிக்குப்பம் பக்கம் வீடிழந்தவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள். பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டது ஆசிரியர்கள், ஓலைத் தடுப்பு கட்டிக் கழிப்பிடம் அமைத்தது கன்னியாஸ்திரிகள். காலரா ஊசி போட்டுக்கொள்ளாதவருக்குக் கஞ்சி இல்லை என்று ஒரு சிஸ்டர் விதி போட்டார். விதி புத்தகத்தில் இல்லை. காலராவும் வரவில்லை.

அந்த சிஸ்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதலியார்பேட்டைக்காரர். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். வேலைநிறுத்தக் காலங்களில் தொழிலாளர் வீடுகளுக்கு அரிசி பங்கிடும் வேலை அந்த வீட்டில்தான் நடக்கும். பங்கிடும்போது எந்த முகம் எப்படி மாறும் என்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தாத குரலில் அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட, கத்துகிறவரோடு சண்டை போடுவது சுலபம்.

கொமித்தேயின் தலைவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். பெரிய சாமி என்போம். ஓட்டுக்கூரை மேல் ஏறித் தார்ப்பாய் கட்டுவார், காய்ச்சல்காரர் வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். தமிழைப் பழைய ஞானோபதேசப் புத்தகங்களிலிருந்து கற்றவர் என்பதால், காப்பி வேண்டும் என்பதைக்கூட ஒரு விண்ணப்பம் போலத்தான் சொல்வார். என்னை "முசியே" என்று, பிரெஞ்சு முறையில் ஐயா போட்டுக் கூப்பிடுவார். நான் கொல்லேழ் என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால் அந்த மரியாதை. அந்தப் படிப்பால் எனக்குக் கிடைத்த மற்ற லாபம் எல்லாக் கடிதங்களையும் நானே எழுத நேர்ந்ததுதான்.

எங்கள் விதி ஒன்றே ஒன்று: யாருக்கு அதிகத் தேவையோ அவருக்கு முதலில். நல்ல விதி. அதற்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். வீடு முழுதும் போனவருக்கு அரிசி, துணி, பாத்திரம், தார்ப்பாய். பாதி போனவருக்குப் பாதி. நின்ற வீட்டுக்கு எதுவுமில்லை. நகரத்துக்குள் இது கடிகாரம் போல நடந்தது. வக்கீலான எங்கள் உறுப்பினர் ஒருவர், இதைப் பார்த்து அரசாங்கமே கற்றுக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஒருமனதாக நிறைவேறியது.

பிறகு நகருக்கு வடக்கே உள்ள ஒரு குப்பத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். அவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வாயும் இருக்கிறது.

முறைப்படி வீடு வீடாகப் பார்த்தோம். கிழக்கே கரையோரம் இருந்த கூரை வீடுகள் அடியோடு போயிருந்தன. மேற்கே சில ஓட்டு வீடுகள் நின்றன. கூரை வீட்டுக்காரர்களுக்குச் சீட்டுக் கொடுத்தோம். மறுநாள் சீட்டோடு கிடங்குக்கு வந்தால் பொருள். அதிகத் தேவை, அதிக உதவி, கையெழுத்து, முடிந்தது.

மறுநாள் காலை கிடங்கு வாசலுக்கு அந்த ஊரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கையில் மீன்கூடை இருந்தது. கூடைக்குள் நாங்கள் கொடுத்த சீட்டுகள் எல்லாம் இருந்தன.

"ஐயா, இது உங்க சீட்டு. சரியா இருக்குதா பாத்துக்குங்க."

"ஏன், என்ன குறை?" என்றேன்.

"கொறை ஒண்ணும் இல்ல. ஊர்ல வேணாம்னுட்டாங்க."

"குழந்தைகள் பட்டினி கிடக்கிறார்களே."

"பட்டினி எங்களுது, சீட்டு உங்களுது" என்று கூடையைக் கவிழ்த்துவிட்டு, கூடையை மட்டும் ஞாபகமாக எடுத்துக்கொண்டு போனார்.

மதியமே கொமித்தே கூடியது. கொடுப்பதற்குப் பொருள் இல்லாமல் தவித்திருக்கிறோம். வாங்குவதற்கு ஆள் இல்லாமல் கூடியது அதுதான் முதல் தடவை. வக்கீல் உறுப்பினர் அரை நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "மதம் மாத்திடுவோம்னு பயப்படறாங்க. யாரோ தூண்டி விட்டிருக்காங்க." தூண்டியவர் யார் என்பதற்கும் அவரிடம் ஓர் உத்தேசம் இருந்தது. பெரிய சாமியின் முகம் சுருங்கிப்போனது. அத்தனை வருடம் இந்த ஊரில் எல்லாச் சாதிக்காரர் வீட்டு வாந்தியையும் பேதியையும் கழுவியவருக்கு அது வலிக்கும்தான்.

வலியோடு எடுக்கிற முடிவு எப்போதும் அவசர முடிவு. திருவிழாவுக்கு வைத்திருந்த மைக் செட்டை ஜீப்பில் கட்டிக்கொண்டு, அன்று மாலையே குப்பத்துக்குப் போய் நின்றோம். பெரிய சாமி மைக்கைப் பிடித்தார்.

"அன்புக்குரிய குப்பத்து மாந்தரே, நீங்கள் சிறிதும் அஞ்ச வேண்டாம். உங்களில் ஒருவரையேனும் வேதத்தில் சேர்க்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அரிசியைப் பெற்றுக்கொண்டு உங்கள் தெய்வத்தையே வணங்கலாம்."

கூட்டம் அமைதியாகக் கேட்டது. ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். கறுத்து ஒல்லியான மனிதர், பேசுவதற்கு முன் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றுவார். மாற்றினார்.

"சாமி, இவ்ளோ நேரம் அது எங்க நெனப்புலயே இல்ல. நீங்க சொன்னப்புறம்தான் யோசிக்கிறோம். மத்த ஊர்லலாம் அரிசிக்கு மாத்துறது உண்டா?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "கேட்டு வைய்யி மாமா, மூட்டைக்கு எத்தினி பேர்னு."

ஊரே சிரித்தது. பெரிய சாமிக்குப் பாதிதான் புரிந்தது. எனக்கு முழுதும் புரிந்தது, அதனால் மைக்கின் ஒயரைச் சரிசெய்வதில் மும்முரமானேன்.

யாரும் சொல்லாத குற்றத்தை மறுக்கப் போகாதீர்கள். எங்கள் மாதிரி ஆட்களுக்கு இந்த வியாதி அதிகம். நாம் என்னவென்று ஊர் நினைக்கிறது என்பதிலேயே குறியாக இருப்போம். ஊருக்கோ நினைக்க வேறு ஆயிரம் இருக்கும்.

மைக்கை அணைத்த பிறகு சிஸ்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். கவிழ்ந்து கிடந்த கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்தார். நாட்டாரைப் பார்த்து, "நாட்டாரே, எதுக்காக வேணாம்னீங்க? எங்களுக்கா தோணல, நீங்களே சொல்லுங்க" என்றார். எந்த முறையிலும் இல்லாத புதிய முறை: கேட்பது.

நாட்டார் கையைக் கிழக்கே நீட்டினார், பிறகு மேற்கே.

"அவன் கூரை வூடு, இவன் ஓட்டு வூடு. ரெண்டு பேரும் ஒரே மரத்துல போறாங்க, ஒரே வலைய இழுக்குறாங்க. வர்ற மீனு பங்குதான். நீங்க அவனுக்குக் குடுத்துட்டு இவனுக்கு இல்லன்னுட்டு ஜீப்ல ஏறிப் போயிடுவீங்க. நாளைக்கு அலையில அவன் கவுந்தா இவன் கை குடுக்கணும் இல்லம்மா? எங்கூர்ல எது வந்தாலும் தலக்கட்டுக்கு ஒரு பங்கு. இல்லன்னா யாருக்கும் வேணாம்."

தலைக்கட்டு என்பது ஊருக்கு வரி கட்டுகிற, ஊர்க் கூட்டத்தில் ஓர் ஆளாக எண்ணப்படுகிற குடும்பம். நாட்டார் சொன்னது பிடிவாதம் இல்லை, கடலில் உயிரோடு இருப்பதற்கான ஏற்பாடு. பெரிய சாமி மெதுவாகத் தலையை ஆட்டி, "நியாயம்" என்றார். திரும்பி என்னைப் பார்த்து, "முசியே, நம் விதி?" என்றார்.

அங்கேதான் நான் சம்பளத்துக்கு உழைத்தேன். பொருள் அனுப்பியவர்களின் விதியில் வீடு இழந்த குடும்பம் என்பது முதல் வரி. எல்லாரும் அதோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள். கீழே, பிழைப்பு இழந்த குடும்பம் என்றும் உண்டு. ஓட்டு வீட்டுக்காரரின் வீடு நின்றது. வலை நிற்கவில்லை. ஆக ஊர் முழுதும் தகுதி உள்ளது. விதியை மீறினோம் என்று வக்கீல் பின்னால் முணுமுணுத்தார். நான் மீறவில்லை, கடைசி வரை படித்தேன், அவ்வளவுதான். விதிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். தெரியாதவன்தான் விதிக்குப் பயப்படுவான்.

மறுநாள் காலை லாரியோடு போனோம். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் இருந்த திடலில் பங்கு வைக்க ஏற்பாடு. பூசாரி கோயிலுக்குள்ளிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து பெரிய சாமியை உட்கார வைத்தார். வெள்ளை அங்கியோடு அம்மன் கோயில் வாசலில் அவர் உட்கார்ந்திருந்த காட்சியை எந்த மதத்துக்காரர் பார்த்திருந்தாலும் மேலிடத்துக்குப் புகார்க் கடிதம் எழுதியிருப்பார். நல்லவேளை, நிவாரணத்தைப் பார்வையிட்டுப் படம் எடுக்கிற வெளிநாட்டு விருந்தாளிகள் இன்னும் வந்து சேரவில்லை.

அரிசி மூட்டைகளோடு பிரான்சிலிருந்து வந்த கம்பளிக் கோட்டுகளும் ஒரு கட்டு இருந்தன. நம் ஊர் வெயிலில் யார் போடுவார்கள் என்று கிடங்கில் ஒதுக்கி வைத்திருந்ததை யாரோ லாரியில் ஏற்றிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஒன்றை விரித்துக் காட்டினேன். விடியற்காலைக் கடற்காற்றுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பிடுங்கிக்கொண்டு போனார்கள். அந்த வருடம் நம் கடலில் கறுப்பு ஓவர்கோட்டுப் போட்ட கட்டுமரக்காரர்களைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஊருக்குத் தகவல் சொல்கிற ஆள் நடுவில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கையில் காகிதம் இல்லை. கூப்பிடப்பட்டவர் வந்து தன் பங்கை எடுத்துக்கொண்டு போனார். ஒரு சத்தம், ஒரு தள்ளுமுள்ளு கிடையாது. நகரத்தில் எங்கள் கயிறுகளும் தொண்டர்களும் செய்யாத ஒழுங்கு. நான் மனதுக்குள் அறிக்கையின் முதல் பத்தியை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

சிஸ்டர் அறிக்கை எழுதுகிறவர் இல்லை, அதனால் அவர் கண் வேறு இடத்தில் இருந்தது. திடலின் ஓரத்தில் விழுந்து கிடந்த தென்னைக்குப் பக்கத்தில் சில பெண்கள் நின்றிருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. யாரும் முன்னால் வரவில்லை, யாரும் அவர்களைக் கூப்பிடவும் இல்லை.

"அவங்க யாரு நாட்டாரே?"

"அது ஏழுமலை பொண்டாட்டிம்மா, அஞ்சலை. அவன் போன ஐப்பசியில கடல்ல போயிட்டான். மத்ததும் அப்படித்தான், ஆம்பள இல்லாத வூடு."

"அவங்க பங்கு?"

"அது தலக்கட்டு இல்லம்மா." அவர் குரலில் கொடுமை எதுவும் இல்லை. கிழக்கு எது என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். "ஆம்பள இல்லாத வூட்ல வரி வாங்குறதில்ல. பாவம்னு ஊரு விட்டு வெச்சிருக்குது. பட்டினி போட மாட்டோம், ஆளுக்குக் கொஞ்சம் குடுப்பாங்க."

அந்த வீடுகள் எல்லாம் கிழக்கு வரிசை. கரையை ஒட்டியவை. எங்கள் பழைய விதிப்படி முதல் சீட்டு அவர்களுக்குத்தான் போயிருந்தது. ஊரின் நியாயத்தை ஏற்றுக்கொண்டு நாங்கள் விதியை மாற்றியதில், அதிகம் இழந்தவர்களே விடுபட்டுப் போனார்கள்.

பெரிய சாமி முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நிறுத்துங்கள் முசியே. லாரியை மூடச் சொல்லுங்கள். இந்த அநீதிக்கு நாம் கருவியாக இருக்க முடியாது."

லாரியில் பாதிச் சரக்கு இருந்தது. சுமை இறக்குகிறவர்கள் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் பெயர் கூப்பிடப்படாதவர்கள் கூடையோடு நின்றார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிந்து நாளாகியிருந்தது. கூட்டத்தில் ஒருத்தன், "அந்தப் பொம்பளைங்களாலதான் நிக்கிதாம்" என்றான். அது வாய்க்கு வாய் நகர்ந்தது. எல்லாத் தலைகளும் தென்னைப் பக்கம் திரும்புவதை நான் பார்த்தேன். அஞ்சலை குழந்தையை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

சிஸ்டர் பெரிய சாமியின் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார். "சாமி, நிறுத்திட்டு நாம ஜீப்ல ஏறிடுவோம். இவங்க நாளைக்கும் இங்கதான் இருக்கணும்."

வக்கீல் உறுப்பினருக்கு ஒரு யோசனை உதித்தது. பொதுவாக அவர் யோசனைகள் கேட்க நன்றாகவே இருக்கும். நேராக அந்தப் பெண்களிடம் போய், "சாயந்திரம் மடத்துக்கு வந்துடுங்கம்மா, உங்களுக்குத் தனியா ரெண்டு பங்கா தரச் சொல்றேன்" என்றார்.

அஞ்சலைதான் பதில் சொன்னாள். "வேணாங்க ஐயா. தனியா வாங்குனா அது சோறு. இங்க வாங்குனாத்தான் பங்கு."

வக்கீல் எங்களிடம் திரும்பி வந்து, "திமிர் பிடிச்ச பொண்ணு" என்றார். எனக்கு அவள் ஒரு வாக்கியத்தில் கொமித்தேயின் ஒரு வருடத்து விவாதத்தை முடித்துவிட்டதாகத் தோன்றியது. அவளுக்கு அரிசி கொடுக்க எங்களால் முடியும். அவள் கேட்டது அரிசி இல்லை. அந்த ஆள் நடுவில் நின்று கூப்பிடும்போது அவள் வீடும் கூப்பிடப்பட வேண்டும். அதைக் கொடுக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்லை, பெரிய சாமிக்கு இல்லை, அரசாங்கத்துக்கும் இல்லை. அந்த ஊருக்குத்தான் இருந்தது.

சிஸ்டர் நாட்டாரிடம் போனார். அவருடைய வழக்கமான, உயராத குரல்.

"நாட்டாரே, எனக்குத் தெரியாம கேக்குறேன். ஒரு வூடு தலக்கட்டு ஆவறதுக்கு என்னென்ன செய்யணும்?"

"வரி கட்டணும். ஊர் வேலைக்கு ஆள் அனுப்பணும்."

"இப்ப ஊர் வேலை ஏதாவது இருக்குதா?"

"ஏன் இல்ல? குடிக்கிற கெணறு பூரா மண்ணு. இத வாங்கினப்புறம் எல்லாரும் மண்ணெடுக்கப் போவணும்னு சொல்லியிருக்கோம். வூட்டுக்கு ஒரு ஆள்."

"அனுப்பாத வூட்ட என்ன செய்வீங்க?"

"ஊர்ல சேத்துக்க மாட்டோம்."

"அனுப்பின வூட்ட?"

நாட்டார் வெற்றிலையைக் கன்னம் மாற்றினார். கேள்வி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முட்டாள் மனிதர் இல்லை. மெல்லச் சிரித்தார்.

"சிஸ்டரு, ஆளுன்னா ஆம்பள ஆளு."

அதற்குப் பதில் ஊருக்குள்ளிருந்தே வந்தது. முந்தின நாள் மூட்டைக்கு எத்தனை பேர் என்று கேட்ட அதே பெண், கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள். நாட்டாரின் சொந்தத் தம்பி மனைவி அவள் என்று பிறகு தெரிந்தது. "மண்ணு சொமக்க மீசை வேணுமா மாமா? மீன் கூடைய சொமந்துகினு பெரிய மார்க்கெட் வரைக்கும் போறமே, அப்ப வேணாமா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஆண்கள் பக்கமும் சிலர் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாட்டார் மற்றப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு கோயில் பின்பக்கம் போனார். வெகு நேரம் பேசினார்கள். திரும்பி வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்த்துச் சொன்னார்.

"மிச்சப் பங்கு அப்புறம். மொதல்ல கெணறு. வூட்டுக்கு ஒரு ஆள் வரணும். யாரு வர்றாங்க, யாரு வரலன்னு நான் பாக்குறேன்."

கவனியுங்கள். பங்கிடுவது நின்றது. ஆனால் நாங்கள் நிறுத்தவில்லை, அந்தப் பெண்களாலும் நிற்கவில்லை. ஊர் தன் கிணற்றுக்காக நிறுத்தியது. ஒருத்தன் கூட முணுமுணுக்கவில்லை. முதலில் பெரிய சாமி சொன்னபடி நான் கையை அசைத்திருந்தால் லாரி நின்றிருக்கும், அதோடு எல்லாம் நின்றிருக்கும். நியாயமான காரியத்தைச் செய்கிற உரிமை யாருடையது என்று பார்ப்பதும் நம் வேலையில் சேர்ந்ததுதான்.

கிணற்றடிக்குப் போனோம். ஆண்கள் உள்ளே இறங்கி மண்ணை வெட்டி மேலே அனுப்பினார்கள். மேலே கூடைகளை வாங்கிக் கொண்டுபோய்க் கொட்டும் வரிசையில், குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு அஞ்சலை போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஆண் இல்லாத மற்ற வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பெரிய சாமியால் சும்மா இருக்க முடியவில்லை. அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு மண்வெட்டியைத் தேடினார்.

சிஸ்டர் குறுக்கே நின்றார். "சாமி, நீங்க கை வெச்சா இது மிஷன் வேலையா ஆயிடும். ஊர் வேலையாவே இருக்கட்டும். தயவு செஞ்சு உக்காருங்க."

அவர் அப்படியே நின்றார். கூரை ஏறுகிறவர், பிணம் தூக்கியவர், உழைப்பதற்கென்றே கடல் தாண்டி வந்தவர். ஒரு நிமிடம் அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "முசியே, நாமும் கீழ்ப்படிவோம்" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நிவாரணப் பணியில் மிகக் கடினமான வேலை எது என்று யாராவது உங்களைக் கேட்டால், சும்மா உட்கார்ந்திருப்பது என்று சொல்லுங்கள். அன்று பொழுது சாய்கிற வரைக்கும் அவர் அதைச் செய்தார். அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த இரண்டு பேரோடு வேலை செய்தேன் என்பதை இன்றைக்கும் எந்தச் சபையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

மண் தீர்ந்து நீர் ஊறியது. உப்புக் கலந்த கலங்கல் நீர்தான், ஆனாலும் ஊர்க் கிணறு. எல்லாரும் மண்ணும் வியர்வையுமாகத் திடலுக்குத் திரும்பினோம். நாங்கள் மட்டும் சுத்தமாக இருந்தது வெட்கமாக இருந்தது. பெயர் கூப்பிடுகிறவர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் மனதிலிருந்த பெயர்கள் எல்லாம் தீர்ந்தன. லாரியில் மூட்டைகள் மிச்சம் இருந்தன. அவர் நாட்டாரைப் பார்த்தார். நாட்டார் பெரியவர்களைப் பார்த்தார். பெரியவர்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நாட்டார் தலையை அசைத்தார்.

"ஏழுமலை வூடு" என்று கூப்பிட்டார் அந்த ஆள்.

யாரும் வரவில்லை.

"ஏழுமலை வூடு."

அஞ்சலை நின்ற இடத்திலேயே நின்றாள். பக்கத்திலிருந்தவள் முழங்கையால் இடித்தாள்.

"ஏம்மா, கூப்புடுறது காதுல விழல?" என்றார் நாட்டார்.

"விழுது. அவருதான் இல்லியே, எப்படி வருவாரு? மண்ணு சொமந்தது நானு."

கூப்பிடுகிற ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதுவரை ஒரு பெண்ணின் பெயரை அந்த இடத்தில் நின்று அவர் உரக்கச் சொன்னதில்லை. முதல் தடவை சத்தம் சரியாக வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

"அஞ்சலை தலக்கட்டு."

அவள் திடலின் நடுவுக்கு வந்தாள். மண் அப்பியிருந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மூட்டையைப் பிடித்தாள். நாட்டார் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி இல்லாமல், ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"இனிமே வரி உண்டு. பாவம்னுலாம் விட மாட்டோம், தெரிஞ்சிக்க."

"தெரியும். அதுக்குத்தான வந்தேன்" என்றாள்.